பரவை கடந்து வந்த ஆசிரியர்கள்

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்று பொருள். பரந்து கிடப்பது பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், பாத்திமா கல்லூரியையும் விளாங்குடியையும் கடந்து சென்றால் இப்பெயர் தாங்கிய ஊர் ஒன்று வரும். கடலோசை கேளாத சமவெளியில், வைகையின் நீரை நம்பி வாழ்ந்த ஊர் அது. அதன் பெயர்க் காரணம் எதுவாயினும் ஆகுக. அவ்வூரை உள்ளடக்கிய மதுரை வட்டாரத்திற்குக் கடல் கடந்து வந்து, ஆங்கிலம் கற்பித்து, இம்மண்ணிலேயே காலூன்றிய ஆசிரியர்களின் வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலத்தை எட்டிப் பிடிக்கின்றது. அவ்வரலாற்றை நம் சமுதாயத்தார் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், இன்று கடல் கடந்து சென்று பிறர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டிருப்போருள் நம் வீட்டுப் பிள்ளைகளும் பலர் உளர். முன்னர் வந்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், எங்கே வென்றார்கள், எங்கே தவறினார்கள் என்பது இனிச் செல்வோர்க்குப் பாடமாகும்.

வேற்றூரில் குடியமர்ந்து கற்பித்தல் நமக்குப் புதியதன்று. இஸ்லாமிய வரலாற்றின் விடியற்காலத்திலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரத்துக்கு முன்பு, மதீனாவாசிகளுக்கு மார்க்கம் கற்பிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை அனுப்பி வைத்தார்கள். மக்கத்துச் செல்வக் குடும்பத்தில் பட்டும் நறுமணமுமாக வளர்ந்த அந்த இளைஞர், மதீனாவில் அஸ்அத் இப்னு சுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கி, அந்நகரத்தாரின் உள்ளங்களை வென்றார். ஆசிரியரின் பண்பும், அவருக்கு இடம் தந்த வீட்டாரின் பண்பும் ஒருங்கே சேர்ந்தபோதுதான் அந்தக் கல்விப் பணி வெற்றி கண்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நடந்த பத்ருப் போருக்குப் பின், எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே அவர்களுக்கு மீட்புப் பணமாகும் என்று ஏற்கப்பட்டது. நேற்று வாளேந்தி எதிரே நின்றவரிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்ற பேருண்மை அங்கே நிலைநாட்டப்பட்டது. பிற சமூகத்தாரின் எழுத்தைக் கற்றுக் கொள்ளுமாறு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் பணிக்கப்பட்டதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. வேற்று மொழி கற்பதும், வேற்று நாட்டாரிடம் கற்பதும் நம் மார்க்கத்துக்கு அயலானவை அல்ல.

மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டார்

மதுரைக்கு வந்து தங்கிய அயல்நாட்டு அறிஞருள் உலகறிந்தவர் இப்னு பதூதா. 1335 முதல் 1378 வரை மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நிலவியது. அக்காலத்தில், 1340களில், அவர் இந்நகருக்கு வந்தார். அப்போது ஆண்ட கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும், இப்னு பதூதா டில்லியில் மணந்த மங்கையும் உடன்பிறந்தவர்கள். ஆகவே அவர் வந்தது உறவினர் ஆளும் நாட்டுக்கே. ஆயினும் அவருக்கு மதுரை ஒத்துக்கொள்ளவில்லை. நகரில் கொள்ளை நோய் பரவியிருந்தது. அவரும் காய்ச்சலில் வீழ்ந்தார். புளியைக் கரைத்துக் குடித்து நலம் பெற்றதாக அவரே தம் பயண நூலில் குறித்துள்ளார். நம் அடுப்பங்கரைப் புளி, தாஞ்சியர் நகரத்துப் பேரறிஞருக்கு மருந்தாயிற்று! உடல் தேறியதும் அவர் விடைபெற்றுப் புறப்பட்டு விட்டார்.

இப்னு பதூதாவின் அனுபவத்தில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. டில்லியில் அவரைக் காஜியாக நியமித்தபோது, அந்நாட்டு மொழி தமக்குத் தெரியாது என்று அவர் தயங்க, அவருக்கு உதவியாக இருவரைச் சுல்தான் அமர்த்த வேண்டியதாயிற்று. பின்னர் மாலத்தீவுகளிலும் அவர் காஜியாக இருந்தார். தீவு மக்களின் உடை வழக்கத்தை மாற்ற ஆணையிட்டும் அதனைத் தம்மால் நிறைவேற்ற இயலவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதுகின்றார். அறிவு இருந்தது, அதிகாரமும் இருந்தது, ஆனால் மக்களின் மொழியும் மனமும் கைவரவில்லை. ஆணை பிறப்பிப்பவர் ஓர் ஊரில் இருக்கலாம். குடியமர்தல் என்பது வேறு.

இதற்கு நேர்மாறானவர் அல்பிரூனி. அவர் 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தபோது, வானநூல் வல்ல இந்நாட்டு அறிஞர்களின் முன் முதலில் மாணவராகவே நின்றார். வடமொழியை வருந்திக் கற்றார். அதன் பின்னரே தாம் அறிந்தவற்றை அவர்களுக்கு எடுத்துரைத்தார். அவர்கள் வியந்து அவரைச் சூழ்ந்து கொண்டனர். 1030ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய இந்தியாவைப் பற்றிய நூல் இன்றும் அறிஞருலகால் போற்றப்படுகின்றது. முதலில் மாணவன், பிறகு ஆசிரியன் என்பது அவர் கடைப்பிடித்த நெறி. பரவை கடந்து மதுரைக்கு வந்த ஆசிரியர்களை அளக்க இந்த நெறியையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம்.

மறுகோடிக்குச் சென்றவர்

1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் டி நொபிலி, காவியுடுத்து, புலால் துறந்து, தமிழும் வடமொழியும் கற்றுத் தமிழில் உரைநடை நூல்கள் இயற்றினார். தத்துவ போதகர் என்று தமிழ்ப் பெயரும் பூண்டார். ஆங்கிலம் கற்பிக்க வந்தவரல்லர் எனினும், இவ்வூர் வாழ்க்கையைத் தம் வாழ்க்கையாக ஏற்ற முதல் ஐரோப்பியருள் ஒருவர் என்ற முறையில் அவரை விட்டுவிட முடியாது. ஆயின் அவர் ஊரோடு ஒத்துப் போனபோது, ஊரில் இருந்த சாதி வேற்றுமையோடும் ஒத்துப் போனார். உயர்ந்தோர் எனப்பட்டவரோடு வேறாகவும், தாழ்த்தப்பட்டவரோடு வேறாகவும் பழகும் முறை அவர் வழியில் இடம்பெற்றது. மனிதரனைவரும் ஒரு தாய் மக்களே என்று நம்பும் நமக்கு இது உடன்பாடன்று. ஓரூரில் குடியமர்பவர் அவ்வூரின் மொழியை ஏற்கலாம், உணவை ஏற்கலாம், நல்வழக்கங்களை ஏற்கலாம்; அநீதியையும் சேர்த்து ஏற்க வேண்டியதில்லை. இப்னு பதூதா வளையாமல் நின்றார். நொபிலி வளையக் கூடாத இடத்திலும் வளைந்தார். இவ்விரண்டுக்கும் இடையில்தான் நல்லாசிரியரின் பாதை செல்கின்றது.

அமெரிக்கர் வருகை

ஆங்கிலக் கல்வியோடு மதுரைக்கு வந்தோருள் முதன்மையானவர்கள் அமெரிக்க மிஷனரிமார். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிய அவர்கள், 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு கல்விக்கூடம் அமைத்தனர். அங்கிருந்து 1834இல் மதுரைக்கு வந்து பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டையை உருவாக்கிய டேனியல் பூவர், 1830களில் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் தங்கிப் பள்ளிகள் பலவற்றை நிறுவினார். 1841இல் யாழ்ப்பாணம் திரும்பினார். தமிழில் தடையின்றிச் சொற்பொழிவாற்றும் ஆற்றல் பெற்றிருந்த அவர், 1855இல் வாந்திபேதி நோயால் அங்கேயே உயிர் நீத்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

வந்தவர்களுக்கு முதற்பகையாக நின்றது தட்பவெப்பம். பங்குனி, சித்திரை வெயிலும், காய்ச்சலும், வாந்திபேதியும் அவர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் வாட்டின, பலர் உயிரிழந்தனர். அதற்கு மாற்றுத் தேடியே அவர்கள் பழனி மலைத்தொடரின் மேல் ஏறினர். 1845இல் அவர்கள் அங்கே எழுப்பிய முதல் வீடுகளிலிருந்துதான் இன்றைய கோடைக்கானல் நகரம் வளர்ந்தது. நாம் இன்று இன்பச் சுற்றுலா செல்லும் அம்மலையூரின் தோற்றத்தில், வெளியூரில் வாழ முயன்ற குடும்பங்களின் கண்ணீர் கலந்திருக்கின்றது.

1842இல் திருமங்கலத்தில் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாறிய அவர்களது கல்விக்கூடம், 1881இல் கல்லூரியாக உயர்ந்தது. ஜார்ஜ் வாஷ்பர்ன் அதன் முதல் முதல்வர். பின்னர் வில்லியம் சம்ப்ரோ காலத்தில், 1904இல் அது வைகையின் வடகரைக்கு, கோரிப்பாளையத்தையொட்டிய இடத்திற்கு மாறியது. மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வினின் கைவண்ணத்தில் அதன் பெருமண்டபம் எழுந்தது. ஒருபுறம் சுல்தான்கள் துயிலும் கோரிப்பாளையம் தர்கா. மறுபுறம் அமெரிக்கர் எழுப்பிய கல்விக்கூடம். கடல் கடந்தும் கரை கடந்தும் வந்தோர் பலரின் சுவடுகள் அருகருகே காணக் கிடைக்கும் இடம் அது.

இவர்களுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அது அவர்களது வெளிப்படையான நோக்கம். எனவே நம் முன்னோர் தம் பிள்ளைகளை அப்பள்ளிகளுக்கு அனுப்பத் தயங்கியதைக் குறுகிய மனம் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஈமானைக் காக்க வேண்டும் என்ற கவலை அது. ஆயினும் அத்தயக்கத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. பிறர் பட்டம் பெற்று அலுவல்களில் அமர்ந்தபோது நாம் பின்தங்கினோம். திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றியது 1951இல். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றியது 1956இல். மதுரையில் வக்பு வாரியக் கல்லூரி தோன்றியது 1964இல். பசுமலைக் கல்லூரி 1881இல் எழுந்தது என்பதை நினைவிற் கொண்டால், இடையில் ஓடிய ஆண்டுகளின் எண்ணிக்கை நமக்கே புலனாகும்.

இன்னொரு பக்கத்தையும் காண்போம். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற்பட்டதாரிகள் ஆயினர். அந்தத் தாமோதரம் பிள்ளைதான் பின்னாளில் ஏட்டுச் சுவடிகளில் மங்கிக் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். அந்நியர் கற்பித்த ஆங்கிலம் அவரைத் தமிழுக்கு அந்நியராக்கவில்லை. கற்பித்தவர்கள் தாமும் தமிழ் கற்றவர்களாக இருந்தனர் என்பது இதற்கு ஒரு காரணம் எனலாம்.

ஆசிரியர் மாணவராகும்போது

வேற்று நாட்டார் ஒருவர் மதுரையில் ஆங்கிலம் கற்பிக்கத் தமிழ் எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். வகுப்பறைக்குள் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். நம் மாணவன் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன் வர வேண்டிய சிறு சொற்களை விட்டுவிடுகிறான். தமிழில் அவ்வகைச் சொற்கள் இல்லை; அதனால் விடுகிறான். நாம் மேசைக்கு மேல் என்போம். ஆங்கிலேயர் மேல் என்பதை முன்னே வைத்து மேசையைப் பின்னே வைப்பர். நம் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வந்து நிற்கும். அவர்களுடையது இடையிலேயே வந்துவிடும். மெய்யெழுத்து இரண்டு சேர்ந்து சொல்லின் முதலில் நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவே ஸ்கூல் என்பது நாட்டுப்புறத்து நாவில் இஸ்கூல் ஆகின்றது. வல்லோசைக்கும் மெல்லிய ஓசைக்கும் தமிழில் பகரம் ஒன்றே. மாணவன் ஆங்கிலத்தில் இரண்டையும் மயங்குகிறான். தமிழறியாத ஆசிரியருக்கு இவையெல்லாம் மாணவனின் மந்தபுத்தி. தமிழறிந்தவருக்கோ இவை அவனது தாய்மொழியின் இலக்கணம். முன்னவர் சினங்கொள்வார், பின்னவர் வழிகாட்டுவார்.

தமிழ் கற்கும் அயலாருக்கு மற்றுமோர் இடர் உண்டு. நூலில் கற்ற செந்தமிழோடு அவர் கடைவீதிக்குச் சென்றால், கேட்பவர் முறுவலிப்பர். கடைக்காரர் பேசுவது அவருக்குப் புரியாது. ஒரே மொழிக்குள் எழுத்துக்கு ஒரு நடையும் பேச்சுக்கு ஒரு நடையும் இருப்பதை உணரவே அவருக்குச் சில மாதம் ஆகும். பிறகு ழகரம், ளகரம், லகரம். பிறகு யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது. இலையில் உண்ணுதல், வலக்கையால் கொடுத்தல், வாயிலில் செருப்பைக் கழற்றுதல். நேற்றுவரை கற்பிப்பதையே அறிந்தவர், தெருவில் ஆறு வயதுச் சிறுவனிடம் பாடம் கேட்க வேண்டியவராகிறார். இந்தப் பணிவை எவர் மகிழ்ந்து ஏற்கின்றாரோ அவரே குடியமர்கின்றார்.

சீனக் கதவு மூடியது, மதுரைக் கதவு திறந்தது

சென்ற நூற்றாண்டு மாற்றங்களுள் ஒன்று மதுரைக்குப் புதிய வகை ஆசிரியர்களைக் கொணர்ந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்றொரு கல்லூரி உண்டு. அதில் பயின்று சீனத்தின் ஷான்சி மாநிலத்தில் பணியாற்றிய மிஷனரிமார், 1900ஆம் ஆண்டுக் கலகத்தில் குடும்பத்தோடு கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவாக 1908இல் ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்புத் தோன்றியது. பழிக்குப் பழி என்றெண்ணாமல், அதே ஷான்சி மண்ணில் பள்ளிக்குத் துணை நின்றது அவ்வமைப்பு. பட்டம் பெற்ற இளைஞர்கள் அங்கே ஆங்கிலம் கற்பிக்கச் சென்றனர். 1949இல் சீனத்தில் ஆட்சி மாறியபின் அக்கதவு மூடிற்று. 1950களில் அவ்வமைப்பின் பார்வை மதுரைப் பக்கம் திரும்பியது. அமெரிக்கன் கல்லூரிக்கும், கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948இல் நிறுவிய லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் இளைஞர்களும் நங்கையரும் வரலாயினர்.

இவர்கள் பழைய பாதிரிமார் வரிசையைச் சேர்ந்தவரல்லர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதினர். பெரும்பாலும் இரண்டாண்டுக் காலமே தங்குவர். மாணவர் விடுதியை ஒட்டி வாழ்ந்து, மாணவரோடு பேசிப் பழகி, அவர்கள் நாவில் ஆங்கிலத்தை உலவவிடுவது அவர்கள் பணி. ஏறத்தாழத் தம் வயதொத்த மாணவருக்குத் தாம் ஆசிரியராக இருக்கும் சங்கடமும் அவர்களுக்கு இருந்திருக்கும். அவர்களுள் தமிழகத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டு பின்னர் திரும்பி வந்தோரும் உண்டு.

இரண்டாண்டுக்கு வருவோர் ஒருபுறமிருக்க, வாழ்நாளையே அளித்தவரும் உளர். 1950களில் அமெரிக்காவிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வந்த பேராசிரியர் பால் லவ், அமெரிக்கன் கல்லூரியிலேயே பல பத்தாண்டுகள் தங்கிவிட்டார். அவர் முயற்சியால் 1980களில் அக்கல்லூரியில் சைலெட் என்னும் ஆய்வு மையம் உருவாயிற்று. இந்தியர் ஆங்கிலத்தில் எழுதியவையும், இந்திய மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவையும் அங்கே ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டன. காவ்ய பாரதி என்ற கவிதை இதழும் அங்கிருந்து வெளிவந்தது. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். ஆங்கில இலக்கியத்தை இந்தியருக்குக் கற்பிக்க வந்தவர், இந்தியரின் இலக்கியத்தைத் திரட்டிக் காக்கும் பணியில் தம் முதுமையைச் செலவிட்டார். கொடுக்க வந்தவர் பெற்றுக் கொள்ளக் கற்றார். அல்பிரூனியின் நெறி வைகைக் கரையில் மீண்டும் ஒருமுறை மெய்யாயிற்று.

பரவைக்குச் செல்லும் சாலையில் நாம் முன்னர்க் குறித்த பாத்திமா கல்லூரியும், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் வேர்கொண்ட கன்னியர் சபையால் 1953இல் நிறுவப்பட்டதே. மதுரைப் பெண்கள் பட்டப்படிப்புப் பெற அயல்நாட்டுப் பெண்மணிகளின் உழைப்பு எவ்வளவு துணை நின்றது என்பதற்கு லேடி டோக்கும் பாத்திமாவும் சான்றுகள்.

இன்று செல்வோர் நம்மவர்

காலச் சக்கரம் சுழன்றது. ஆசிரியரை வரவேற்றுக் கொண்டிருந்த நாடு, ஆசிரியரை அனுப்பும் நாடாக மாறியது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எத்தியோப்பியாவின் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் பெருமளவில் சென்றனர். அதன் பின் வளைகுடா நாடுகளுக்கும், மாலத்தீவுகளுக்கும் சென்றனர், இன்றும் செல்கின்றனர். இப்னு பதூதா காஜியாக இருந்த அதே தீவுகளில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் ஆங்கிலம் கற்பிக்கின்றனர்! அவர்களுள் நம் ஆண்மக்களும் பெண்மக்களும் உளர்.

அவர்கள் அங்கே எவ்வாறு வாழ்கின்றார்கள்? ஊருக்கு வரும் பணத்தின் அளவை வீட்டார் அறிவர். வாழ்வின் அளவை அறிவாரோ? அடைத்த அறைக்குள் நம்மூர்ச் சமையல், நம்மூர்ப் பேச்சு, நம்மூர் நினைவு என்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பத்தாண்டு அரபு நாட்டில் வாழ்ந்தும் அண்டை வீட்டாரோடு நான்கு வார்த்தை அரபியில் பேச அறியாமல் திரும்புவோரை நாம் காண்கின்றோம். திருமறையின் மொழி பேசும் மண்ணில் வாழ்ந்தும் அம்மொழி வாய்க்கவில்லை என்றால், அது எத்துணைப் பெரிய இழப்பு! கற்பிக்கும் பணியில் இருப்போருக்கு அது இரட்டை இழப்பு. அரபுச் சிறுவனுக்குப் பகர ஓசை ஏன் வரவில்லை என்பது, அரபியில் அவ்வோசை இல்லை என்று அறிந்த ஆசிரியருக்கே விளங்கும். மதுரை மாணவனுக்குத் தமிழறிந்த அமெரிக்கர் செய்த உதவியை, அரபு மாணவனுக்கு நம்மவர் செய்ய வேண்டாமா?

குற்றம் முழுவதும் செல்வோர் மீது இல்லை. ஈட்டிய பொருளை மட்டுமே கேட்டு, கற்ற மொழியையும் பெற்ற நட்பையும் கேளாத நமக்கும் அதில் பங்குண்டு. இந்தத் தடவை எவ்வளவு அனுப்பினாய் என்று கேட்கும் தந்தை, அங்கே யாரோடு பழகினாய், என்ன கற்றாய் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

வரவேற்கும் ஊருக்கும் கடமை உண்டு. அஸ்அத் (ரலி) அவர்கள் தம் வீட்டைத் திறந்து வைத்ததனாலன்றோ முஸ்அப் (ரலி) அவர்கள் மதீனாவில் கற்பிக்க முடிந்தது? இன்றும் வேற்று மாநிலத்தவரும் வேற்று நாட்டவரும் நம் ஊர்களுக்குக் கற்பிக்கவும் உழைக்கவும் வருகின்றனர். அவர்களுக்கு வாடகைக்கு வீடு தருவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பெருநாளன்று ஒரு கிண்ணம் உணவும், பிழையான தமிழைப் பொறுமையோடு கேட்கும் செவியும் அவர்களுக்குத் தேவை.

மனிதரைப் பல குலத்தாராகவும் பல இனத்தாராகவும் படைத்தது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்பது நம் மறை கற்பிக்கும் உண்மை. அறிந்து கொள்ளுதல் இருபுறமும் நிகழ வேண்டும். கடல் கடப்பதற்குக் கப்பலோ விமானமோ போதும். கரையேறிய பின் அவ்வூராரின் மொழியை நாவில் ஏற்றிக் கொள்வதும், அவர்தம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணுவதும், தம் கொள்கையைத் தளரவிடாமலே அவர்தம் நன்மையை நாடுவதும் வாய்த்தவரே அங்குக் குடியமர்ந்தவர். அத்தகைய ஆசிரியர்களாக நம் மக்கள் எத்திசையிலும் விளங்க வல்ல இறைவன் அருள் புரிவானாக!